எங்களூர்த் தடுமன்

சாயங்காலம் நாலரை மணி டீ. அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில் இருக்கும் கடையில் நானும் பக்கத்து மேசைத் தம்பியும் நின்றுகொண்டிருந்தோம். தம்பி சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவன். அந்த நேரம் பார்த்து யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் அழைத்தார். ஒரு கையில் கிளாஸ், மறு கையில் வடை. போனை ஸ்பீக்கரில் போட்டு மேடையில் வைத்தேன். நண்பரின் குரல் கம்மியிருந்தது. என்ன அண்ணை, குரல் ஒரு மாதிரி இருக்கே என்றேன். "ரெண்டு நாளா எனக்குத் தடிமன். தலையெல்லாம் பாரமாக் கிடக்கு" என்றார்.

பேசி முடித்ததும் தம்பி ரொம்ப அக்கறையாகக் கேட்டான்: "ரெண்டே நாள்ல எப்படிண்ணா அவ்ளோ வெயிட் போட்டாரு?"

சிரித்ததில் எனக்குப் புரையேறி, டீ மூக்கு வழியாக வந்தது. அதுவும் விஷயத்துக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. துடைத்துக்கொண்டு சொன்னேன்: தடிமன் என்றால் அவர் ஊரில் மூக்கடைத்து ஒழுகுவது. திருநெல்வேலிப் பக்கம் அதையே தடுமன் என்போம், தடுமம் என்றும் சொல்வோம். "அப்ப சளின்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?" என்றான். சொல்லலாம்தான். ஆனால் சளி வேறு, தடுமன் வேறு. இதை விளக்க இன்னொரு டீ தேவைப்பட்டது.

தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்குத் தடிமன் என்றால் பலகையின் தடிமன், சுவரின் தடிமன், புத்தகத்தின் தடிமன். தடித்தல் என்ற வினையிலிருந்து வந்த சொல். கொசு கடித்த இடம் தடிக்கிறது. அழுதால் இமை தடிக்கிறது. சண்டை முற்றினால் வார்த்தைகூடத் தடிக்கிறது. இதே சொல்லுக்கு ஜலதோஷம் என்ற பொருளையும் நம் பழைய அகராதிகள் சேர்த்தே தருகின்றன. நம் பக்கத்து அச்சு எழுத்தில் முதல் பொருள் மட்டும் தங்கிவிட்டது. இலங்கைத் தமிழர்கள் இரண்டையும் விடவில்லை. அங்கே தடிமன் பத்திரிகையிலும் மருத்துவக் குறிப்பிலும் கூச்சமில்லாமல் அச்சாகும். எங்கள் தடுமனோ வீட்டு வாசல் தாண்டாத சொல். பாட்டி சொல்வாள், அம்மா சொல்வாள், பள்ளிக்கு விடுப்புக் கடிதம் எழுதும்போது மட்டும் அது 'உடல்நலக் குறைவு' ஆகிவிடும்.

தடிமன் தடுமன் ஆவது தமிழ் நாவுக்குப் பெரிய தூரமில்லை. ஆனால் மூக்கடைத்துப் படுத்துக் கிடப்பவன் காதில் அது 'தடு' என்றே விழும். மூச்சைத் தடுப்பதுதானே அதன் தொழில்!

பயன்படுத்தும் விதமும் இரண்டு கரையிலும் கொஞ்சம் வேறு. எங்களுக்குத் தடுமன் 'பிடிக்கும்'. பேய் பிடிப்பது போல, சனி பிடிப்பது போல, மழை பிடிப்பது போல. நாம் சும்மா இருப்போம், அது வந்து பிடிக்கும். யாழ்ப்பாணத்தில் வினையே இல்லாமல் 'எனக்குத் தடிமன்' என்று முடித்துவிடலாம். தடிமன் வந்திட்டுது என்றும் சொல்வார்கள். 'எனக்குப் பசி' என்பதுபோல அவ்வளவு சாதாரணம்.

"எங்க ஆயா ஜல்புன்னு சொல்லும்ணா" என்று தம்பிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஆமாம், சென்னையின் சொல் அது. தெலுங்கின் ஜலுபு இங்கே வந்து ஜல்பு ஆனது. தெலுங்கில் இதற்குப் படிசம் என்று இன்னொரு சொல்லும் உண்டு. படிசம் ஒன்று வந்தால் பத்து நோய் வந்த கணக்கு என்று அவர்கள் பழமொழியே வைத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் தடுமனில் தலையணையைக் கட்டிக்கொண்டு கிடந்தவர் யாரும் இதை மறுக்க மாட்டார்கள்.

இனி மற்றச் சொற்களைப் பாருங்கள். ஒவ்வொன்றும் யார் மேலாவது பழி போடும் சொல். ஜலதோஷம் தண்ணீரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. நீர்க்கோவையும் அதே கட்சி: தலைக்குள் நீர் கோத்துக்கொண்டது, அதனால்தான் பாரம். ஆங்கிலம் படித்தவர்களின் கோல்டு, குளிரின் மேல் வழக்குப் போடுகிறது. மழையில் நனைந்தாய், ஈரத்தலையோடு படுத்தாய், ராத்திரியில் தயிர் தின்றாய் என்று நம் வீடுகளில் நடக்கும் விசாரணை எல்லாம் இந்தச் சட்டப் பிரிவுகளின் கீழ்தான்.

இந்த வழக்கு நிற்குமா என்று மெனக்கெட்டுப் பார்த்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். சாலிஸ்பரி என்ற ஊருக்குப் பக்கத்தில் 1946-ல் ஜலதோஷத்தை ஆராய்வதற்கென்றே ஒரு நிலையம் தொடங்கினார்கள். நாற்பது ஆண்டுக்கும் மேல் அது நடந்தது. பத்து நாள் வந்து தங்கலாம், சாப்பாடும் இடமும் இலவசம், பதிலுக்கு மூக்கில் ஊற்றுவதை ஊற்றிக்கொள்ள வேண்டும். இதை விடுமுறையாக நினைத்தே பலர் வந்தார்கள். ஆரம்ப ஆண்டுகளில் சிலரை நனைத்து, ஈரத்தோடு காற்றடிக்கும் நடையில் நிற்கவைத்துப் பார்த்தார்கள். நடுங்கினார்களே தவிர, மற்றவர்களைவிட அதிகமாக அவர்களுக்கு ஜலதோஷம் வரவில்லை. தண்ணீர் விடுதலை!

ஆனால் வழக்கு அதோடு முடியவில்லை. 2005-ல் வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் ரான் எக்கிள்ஸ் என்ற பேராசிரியரும் அவருடைய சகாவும் 180 பேரை வைத்து மறுபடி பார்த்தார்கள். பாதிப் பேர் இருபது நிமிடம் குளிர்ந்த நீரில் கால் வைத்திருந்தார்கள். மீதிப் பேர் காலிப் பாத்திரத்தில் கால் வைத்திருந்தார்கள். அடுத்த நாலைந்து நாளில் குளிர்நீர்க் கோஷ்டியில் தொண்ணூறுக்கு 13 பேர் தடுமன் என்றார்கள். மற்றக் கோஷ்டியில் ஐந்தே பேர். உடம்பு குளிரும்போது மூக்குக்குள் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. ஏற்கெனவே உள்ளே ஒதுங்கியிருக்கும் கிருமிக்கு அது வாய்ப்பாகிறது என்பது எக்கிள்ஸ் சொன்ன விளக்கம். அதாவது மழை விதை போடுவதில்லை, இருந்த விதைக்குத் தண்ணீர் விட்டிருக்கலாம். பாட்டிக்கு முழு வெற்றியும் இல்லை, முழுத் தோல்வியும் இல்லை.

கிருமி என்றால் பெரும்பாலும் ரைனோ வைரஸ். 1950-களில் கண்டுபிடித்தார்கள். ரைனோ என்பது மூக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல். காண்டாமிருகத்தின் ஆங்கிலப் பெயரிலும் அந்த மூக்குத்தான் இருக்கிறது. இதில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வகைகள். ஒன்றை உடம்பு படித்து முடித்தால் அடுத்தது புது முகத்தோடு வரும். ஆயுள் முழுக்கத் தடுமன் பிடித்துக்கொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம். உடம்பின் உள்சூட்டைவிடக் குறைந்த, 33 டிகிரி செல்சியஸ் அளவு இதமான சூடு அதற்குப் பிடிக்கும். மூச்சுக் காற்று உரசி உரசிக் குளிர்ந்திருக்கும் மூக்கு அதற்கு வாகான குடியிருப்பு. நுரையீரல் வரை இறங்க அதற்கு அவ்வளவு ஆசை இல்லை.

சளிக்கு வருவோம். சளி என்ற சொல் யார் மேலும் பழி போடவில்லை. கண்ணால் பார்த்த பொருளைச் சொல்கிறது, அவ்வளவுதான். சிக்கலும் அங்கேதான். சளி நோயல்ல. மூக்கு உள்ளவரை சளி உண்டு என்று பெரியவர்கள் சொன்னது அறிவியல்படியும் சரி. நல்ல உடம்பிலும் மூக்கு ஓயாமல் சளியைச் சுரந்துகொண்டே இருக்கிறது. தூசியும் கிருமியும் அதில் ஒட்டிக்கொள்ளும். உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் விநாடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அசைந்து, அந்தப் படலத்தை நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். பிறகு? விழுங்கிவிடுகிறோம். நாள் முழுக்க, நமக்கே தெரியாமல்.

"டீ குடிக்கிறப்பவாண்ணா இதைச் சொல்வீங்க?" என்று தம்பி கிளாஸைக் கீழே வைத்தான். மன்னிப்புக் கேட்டுவிட்டு நிறத்தையும் சொல்லி முடித்தேன். ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் பணத்தை வீணாக்குகிறார்கள். சளி மஞ்சளாகி, பச்சையானால் 'கிருமி முத்திவிட்டது' என்று மருந்துக்கடையில் போய் ஆன்டிபயாட்டிக் கேட்கிறார்கள். சண்டைக்கு வந்த வெள்ளை அணுக்களுக்குள் இரும்புச்சத்துள்ள ஒரு பச்சை நொதி இருக்கிறது. அணுக்கள் கூடும்போது அந்தப் பச்சை தெரிகிறது. சாதாரணத் தடுமனிலும் மூன்றாம் நாள், நாலாம் நாள் இப்படி ஆகும். நிறத்தை மட்டும் வைத்து மருந்து கேட்கக்கூடாது. வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக்கால் ஒரு பயனும் இல்லை.

இப்போது நம் சொல். தடுமன் பிடித்த முதல் ராத்திரியை நினைத்துப் பாருங்கள். சிந்துகிறோம், மறுபடி சிந்துகிறோம், காது இரண்டும் கொய்ங் என்கிறது. வெளியே வருவது ஒன்றுமில்லை. அடைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. உள்ளே ஏதோ கெட்டியாக மாட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறோம். அங்கே எதுவும் மாட்டிக்கொண்டிருக்கவில்லை. மூக்கின் பக்கச் சுவர்களில், பக்கத்துக்கு மூன்றாக, சுருண்ட எலும்பு மடிப்புகள் உண்டு. அவற்றின் மேல்தோலுக்கு அடியில் ரத்தக் குழாய்கள் பஞ்சு மாதிரி நிறைந்திருக்கின்றன. கிருமி வந்ததும் அவை ரத்தம் ஏறி விம்முகின்றன. அறையின் சுவர் நாலு அங்குலம் கூடினால் நடக்க இடமிருக்காது அல்லவா, அதுதான் நடக்கிறது. அடைப்புக்கு முதல் காரணம் சளி அல்ல, சுவரின் தடிமன்.

ஜலதோஷம், நீர்க்கோவை, சளி, கோல்டு என்ற எந்தச் சொல்லும் எட்டாத இடத்தை யாழ்ப்பாணத்துத் தடிமன் தொட்டுவிட்டது. தலை பாரமாக, முகம் வீங்கினாற்போல், மூக்கு தடித்தாற்போல் தோன்றியதை அப்படியே பெயராக வைத்தவர்கள் உடற்கூறு படித்திருக்க வேண்டியதில்லை. தங்கள் மூக்கைக் கவனித்திருந்தால் போதும்.

அப்படிக் கவனித்தவர்கள் நம்மிடம் வேறு இடத்திலும் உண்டு. தடுமன் நாளில் ஒரு மூக்கு அடைத்திருக்கும், கொஞ்ச நேரம் கழித்து அது திறந்து மற்றது அடைக்கும். சும்மா இருக்கும் நாளிலும் இது நடக்கிறது. ஒரு பக்கச் சுவர் சற்றே விம்ம, மறு பக்கம் சுருங்க, சில மணி நேரத்துக்கு ஒருமுறை முறை மாறுகிறது. நல்ல உடம்பில் இது தெரிவதில்லை. தடுமன் வந்தால் மிகைப்பட்டுத் தெரிகிறது. ஐரோப்பிய மருத்துவத்தில் இதை 1895-ல் ரிச்சர்ட் கைசர் என்ற ஜெர்மன் மருத்துவர் எழுதிவைத்தார். நம் சித்தர்களும் யோகிகளும் இடகலை, பிங்கலை என்றும், சரம் பார்ப்பது என்றும் வெகுகாலமாக இதைப் பேசிவந்தவர்கள். சரத்தை வைத்துச் சொன்ன சோதிடத்துக்கு நான் ஜவாப்தாரி அல்ல. மூச்சு பக்கம் மாறுவதைக் கவனித்தது மட்டும் கெட்டி.

சுவர் தடித்ததுதான் காரணம் என்று தெரிந்தால் மருந்துகளின் வேலையும் புரியும். மூக்கில் விடும் சொட்டு மருந்து அந்தக் குழாய்களைச் சுருக்குகிறது. ஐந்தே நிமிடத்தில் சொர்க்க வாசல் திறக்கும். நானும் ஒரு மார்கழியில் அந்தச் சொர்க்கத்தில் மூன்று வாரம் குடியிருந்தேன். பிறகு மருந்து விட்டால்தான் மூச்சு என்று ஆகிவிட்டது. மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாளுக்கு மேல் அதைத் தொடரக்கூடாது என்று அட்டைப்பெட்டியிலேயே போட்டிருந்தது, நான்தான் படிக்கவில்லை. தைலத்தின் கதை வேறு. அதிலுள்ள மென்தால் சுவரைச் சுருக்குவதில்லை. குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தட்டி எழுப்பி, காற்று நன்றாகப் போகிறது என்று நம்மை நம்பவைக்கிறது. நல்ல பொய்தான், ராத்திரித் தூக்கத்துக்கு உதவும். ஆனால் கற்பூரம் சேர்ந்த தைலத்தை இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் தடவ வேண்டாம். அதேபோல், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கொதிக்கும் சட்டிக்கு முன்னால் போர்வை போர்த்தி வேது பிடிக்கவும் வேண்டாம். தடுமன் ஒரு வாரத்தில் போகும், வெந்நீர்க் காயம் போகாது.

பெரியவர்கள் நொச்சி இலை போட்டு வேது பிடிக்கலாம், மிளகு ரசம் குடிக்கலாம், சுக்குக் காப்பி குடிக்கலாம். யாழ்ப்பாணத்தில் சுக்குக்கு வேர்க்கொம்பு என்று அழகான பெயர். கொத்தமல்லியோடு தட்டிப் போட்டு அவித்துக் குடிப்பார்கள். இதெல்லாம் வைரஸைக் கொல்லாது. தொண்டைக்கு இதம், மூக்குக்கு ஈரம். மிளகும் மிளகாயும் உறைத்தால் நரம்பு தூண்டப்பட்டு மூக்கு நீராக ஓடும். தடுமன் இல்லாதவனுக்கும் ஆந்திரா சாப்பாட்டில் மூக்கு ஒழுகுவது இதனால்தான்.

ஒழுகுவது என்றதும் தம்பி, "அப்ப அடைக்கிறதுக்குத்தான் தடுமனா? ஒழுகுறதுக்கு வேற வார்த்தை இருக்கா?" என்று கேட்டான். தடுமன் இரண்டையும் அடக்கும். வெறும் ஒழுகலுக்கென்றே ஒரு சொல் உண்டு, ஆனால் அது மனிதனைத் திட்டுவதற்குப் போய்விட்டது: ஊளைமூக்கன். பேச்சில் ஊளமூக்கன். இந்த ஊளை நரியினுடையது அல்ல, மூக்கில் தொங்கும் சளியைக் குறிப்பது. எங்கள் பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு ஒரு ஊளமூக்கன் நிச்சயம். இரண்டாம் வகுப்பில் அந்தப் பதவியில் நானே இருந்தேன். சட்டையின் வலது கை ஓரம் எப்போதும் கஞ்சி போட்டதுபோல் விறைத்திருக்கும். பிற்காலத்தில் வேலை, மீசை, குடும்பம் எல்லாம் வந்த பிறகும், ஊர்த் திருவிழாவில் ஒருத்தன் 'ஏல ஊளமூக்கா' என்று கூப்பிட்டால் திரும்பித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

வினைகளில் நாம் இன்னும் பணக்காரர்கள். மூக்கு ஒழுகும், வழியும், நமநமக்கும். அதை உறிஞ்சலாம், துடைக்கலாம், சிந்தலாம், யாழ்ப்பாணத்தில் சீறலாம். இவற்றில் 'சிந்துதல்' தனி ரகம். 'எதுக்கெடுத்தாலும் மூக்கைச் சிந்தாதே' என்றால் அழாதே என்று பொருள். கண்ணுக்குச் சொல்ல வேண்டியதை ஏன் மூக்குக்குச் சொன்னார்கள்? இமையின் உள்முனையில் ஊசித்துளை போன்ற இரண்டு வாய்க்கால்கள் உண்டு. கண்ணீரின் வழக்கமான வடிகால் அதுதான். அது போய்த் திறப்பது மூக்குக்குள். அழுகை பெருகும்போது கன்னத்தில் வழிவது வாய்க்கால் கொள்ளாத மிச்சம். ஆக, அழுகிறவள் சிந்துவதில் பெரும்பங்கு கண்ணீரே.

இவ்வளவும் கேட்ட பிறகு தம்பி நியாயமான ஒரு கேள்வி கேட்டான். எல்லாரும் சளி என்றே சொல்கிறார்கள், எல்லாருக்கும் புரிகிறது, பிறகு தடுமனுக்கு என்ன அவசியம்?

புரியவில்லை என்பதுதான் என் பதில். சளி என்ற ஒரே சொல் மூக்கில் வருவதற்கும் நெஞ்சில் கட்டுவதற்கும் சேர்த்து ஓடிக்கொண்டிருக்கிறது. போன வருடம் ஒரு கிளினிக்கில் எனக்கு முன்னால் இருந்த அம்மா, குழந்தைக்குச் சளி என்றார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, இருமலுக்குக் கேள்வி மேல் கேள்வி கேட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது, குழந்தைக்கு மூக்கு மட்டுமே ஒழுகுகிறது என்று. பரிசோதித்தது நல்லதுதான். ஆனால் இதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம். நெஞ்சில் கட்டியிருப்பதை வீட்டிலுள்ளவர்கள் 'வெறும் சளி' என்று ஒரு வாரம் தள்ளிப்போடலாம். எங்களூரில் இந்தக் குழப்பம் இல்லை. மூக்கோடும் தலையோடும் நின்றால் தடுமன். நெஞ்சுக்கு இறங்கினால் சளி. 'தடுமன் சளியாயிட்டு' என்று அம்மா சொன்னால் அது ஒரு முழு நோயறிக்கை.

ஒன்று சொல்லி முடித்துவிடுகிறேன், டீ மாஸ்டர் கல்லாவைப் பார்க்கிறார். ஒரு வாரம் பத்து நாளில் தடுமன் தானே விடும். அதையும் தாண்டி, காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், கண்ணிலும் மூக்கிலும் அரிப்பு, தண்ணீர் மாதிரி ஒழுக்கு என்று வாரக்கணக்கில் போனால் அது தடுமன் அல்ல, ஒவ்வாமையாக இருக்கலாம். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, குழந்தை பால் குடிக்கத் திணறினாலோ ரசம் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள், டாக்டரிடம் போங்கள். அங்கே போய் 'சளி' என்று மொட்டையாகச் சொல்லாமல், மூக்கிலா நெஞ்சிலா, எத்தனை நாளாக என்று நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். நாற்காலியில் இருப்பவர் தென்மாவட்டக்காரராகவோ யாழ்ப்பாணத்துக்காரராகவோ இருந்துவிட்டால் ஒரே சொல் போதும்.